ருசி கண்ட புழு

என் அப்பா பந்திக்கு அலைகிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பிய வருஷம், நான் புழுக்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில், முனைவர் பட்டத்துக்காக. திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருக்காரி ஒருத்தி, பிள்ளை வளர்க்கிற வயசில் புழு வளர்க்கிறாள் என்று என் காதுபடவே சொன்னாள். செவ்வாய் தோஷம், செவ்வாய் தோஷம் என்று ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னை முப்பது வயது தாண்டியும் வீட்டில் உட்காரவைத்ததில் அந்தத் தெருவுக்கும் பங்கு உண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் வராது, பாத்திரம்தான் உருளும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா அந்த ஆடியில் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போனபிறகுதான், அந்த வீட்டில் இவ்வளவு இடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. நான் அடுப்படியில் இருமினால் அது முன்வாசல் வரை போய்த் திரும்பி வரும்.

அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து டிபன் கேரியரில் போகும். ஜமாபந்திக்கு வெளியூர் போனால் கட்டுச்சோறு. கிளப்புக்கடையில் கை நனைத்தவர் இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு நாளாவது சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவும் எதிர்பார்த்ததில்லை. இலை காலியாகிவிட்டால் அவளுக்குப் போதும்.

என் சமையல் வாயில் வைக்க விளங்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மாவுக்குக் கூடமாட நின்று பழகியதுதான். காலையில் எல்லாம் செய்து கூடத்தில் மூடி வைத்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்து திறந்தால் சோற்றில் ஓரமாக ஒரு அகப்பை எடுத்த பள்ளம் மட்டும் இருக்கும். ஏன்ப்பா சாப்பிடவில்லை என்றால், நல்லாத்தான் இருந்துச்சு என்பார். நல்லாத்தான்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிச்சக் குழம்பைக் கொட்டிக் கழுவும்போது அந்தச் சட்டி என் கையில் படாத பாடு படும்.

அவர் உடம்பு வற்றத் தொடங்கியது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. குளித்துவிட்டு வெறும் மேலோடு வந்தால் எலும்பை எண்ணிவிடலாம். அம்மாவைத்தான் பிடித்து நிறுத்த முடியவில்லை. இவரையாவது வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடவைத்துவிட வேண்டும். அந்த நாட்களில் நெல்லையப்பர் முன்னால் நின்றால் எனக்கு வேறு வேண்டுதல் வாயில் வராது. பட்டம்கூட அதற்கு அப்புறம்தான்.

புழுக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களில் வேரை அரிக்கும் நூற்புழுக்களைத் தேடித்தான் மண்ணைக் கிளறப் போனேன். அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தவை இவை. வாழைக்கு ஒரு கெடுதலும் செய்யாமல், மண்ணில் இருக்கிற பாக்டீரியாவைத் தின்று பிழைக்கிற சாதி. நீளம் ஒரு மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்கு இமைமயிரை வெட்டிப் போட்டமாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உடம்பு முழுக்கக் கண்ணாடி. தொண்டை திறந்து மூடி இரை உள்ளே இறங்குவதுவரை தெரியும். வட்டமான கண்ணாடித் தட்டில் அகரைக் காய்ச்சி ஊற்றினால் அது ஜெல்லியாக உறையும். நடுவில் ஒரு சொட்டு பாக்டீரியா வைத்தால் வெள்ளைப் படலமாகப் படரும். அதுதான் அவற்றுக்குச் சோறு. புழுவை அதில் எடுத்து விட்டால் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டு கிடக்கும். என் வழிகாட்டிப் பேராசிரியர் பாளையங்கோட்டைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பாடுகிறவர். வேரை அரிக்கிற புழுவை விட்டுவிட்டு ஒன்றுக்கும் உதவாத இதன் பின்னால் ஏன் போகிறாய் என்று முதலில் கடிந்துகொண்டார். பிறகு அவரும் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு படித்துறையை மூடிக்கொண்டு ஓடியது. ஆய்வகத்தின் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் ஈரம் இறங்கி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடித்தது. மராமத்து முடியும்வரை பூட்டப்போகிறோம், புழு வேண்டுமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோ என்றார் பேராசிரியர். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் தந்தார். ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்க்கிற ரகம். தட்டுகளை அப்பாவின் டிபன் கேரியரில் அடுக்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன குழம்பு என்று விசாரித்தாள். வத்தக்குழம்பு என்றேன்.

வீட்டில் வைத்து வளர்ப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. தட்டில் பாக்டீரியா வளர வேண்டுமானால் அகரில் ஏதாவது சத்துச் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கு ஒரு பழுப்புப் பசை உண்டு. மாட்டிறைச்சியை வேகவைத்து வற்றவைத்த சாறு. கல்லூரியில் அதைக் கரண்டியால் அள்ளி நிறுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், கை கூசியதில்லை. ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு முட்டைகூட ஏறாத அடுப்பு. போதாததற்கு அம்மாவுக்கு இன்னும் தலைத்திவசம் ஆகவில்லை. அந்த ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, பலகாரம் கிடையாது, கல்யாண வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கலவையைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க வீட்டில் இருந்ததோ அம்மா சோறு வைத்த பிரஷர் குக்கர் ஒன்றுதான். அதில் மாட்டுச் சாற்றை ஊற்றுவதா? நான் படித்தவள்தான், ஆனால் அந்த அளவுக்குப் படிக்கவில்லை. அந்தப் பாட்டிலை ஆய்வக அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ஏற்கெனவே உறைந்து வந்திருந்த கல்லூரித் தட்டுகளை மட்டும் கொல்லையில் பழைய தொழுவத்தில் வைத்தேன். புதுத் தட்டுகளுக்குச் சிறுபயறை வேகவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அகரைக் கரைத்தேன்.

அப்பா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அகர் எதிலிருந்து வருகிறது என்று கேட்டார். கடல்பாசி என்றேன். கடலில் இருந்து வருவது சைவத்தில் சேருமா என்று யோசித்தார். பாசிதானேப்பா, மீன் இல்லையே என்றேன். அதுவும் சரிதான் என்று போய்விட்டார். அம்மா போனபிறகு அவர் அடுப்படிப் பக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

பயற்றுத் தண்ணீரில் பாக்டீரியா வளர்ந்தது. ஆனால் சோகை பிடித்தமாதிரி மெல்லிசாக வளர்ந்தது. அதில் கல்லூரிப் புழுக்களை எடுத்து விட்டேன். மறுநாள் பார்த்தால் படலத்தில் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் இல்லை. புழு ஊர்ந்த தடம் அகரின்மேல் கோடாகத் தெரியும். எல்லாம் போய் வாய் வைத்திருக்கின்றன, திரும்பியிருக்கின்றன, வெளியே போயிருக்கின்றன. ஒன்றுமில்லாத இடமெல்லாம் சுற்றி, விளிம்புக்குப் போய், சில கண்ணாடிச் சுவரில் ஏறி அங்கேயே காய்ந்து செத்து ஒட்டியிருந்தன. நடுவில் சோறு இருக்கிறது, தின்னக்கூடிய சோறுதான். அதை விட்டுவிட்டு எங்கேயும் இல்லாத சோற்றைத் தேடிப் போய்ச் சாவானேன்? இருக்கிறதைத் தின்றுவிட்டுக் கிடக்க உனக்கு என்ன கேடு, சனியனே, என்று தட்டைப் பார்த்து வைதேன். வைவதற்கு வீட்டில் வேறு ஆளும் இல்லை. அப்பா அப்போதுதான் இலையில் பாதியை வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கியதும்தான் அதை நேரில் பார்த்தேன். நான் பரிமாறிவிட்டு எதிரில் உட்காருவேன். இரண்டு கவளம், மூன்று கவளம், கை நின்றுவிடும். நல்லாத்தான் இருக்கு, பைய வாரேன்ளா என்று எழுந்து கை கழுவிவிட்டு இறங்கிவிடுவார். பொழுது சாய்ந்தபிறகுதான் திரும்புவார். எங்கே போனீர்கள் என்றால், சும்மா அங்கன வரைக்கும் என்பார். அந்த அங்கன எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மழை பெய்துகொண்டே இருக்கும். நானும் புழுக்களும் மிச்சச் சோறும் இருப்போம். ரேடியோவை வைத்தால் அழுகை வந்தது, அதனால் வைப்பதில்லை.

மராமத்து எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போன ஒரு நாள், பேராசிரியரிடம் பயற்றுத் தட்டைக் காட்டினேன். ஏன் பயறு என்று கேட்டார். சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்னம்மா, ஒங்க வீட்டுக்கு வந்த புழுவும் தலைத்திவசம் வரைக்கும் சைவமா?"

கலவை மாறிப்போன தட்டு ஆராய்ச்சிக்கு உதவாது, கொட்டிவிடு என்றார். கொட்டத்தான் நினைத்தேன், சோம்பலில் கிடந்துவிட்டது. சில நாள் கழித்துப் பார்த்தால், அதே தட்டில், அதே சோகைப் படலத்தில் குட்டிப் புழுக்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. ஓடிப்போனவை இட்டுவிட்டுப் போன முட்டையில் பொரித்தவை. பயற்றுச் சோற்றைத் தவிர வேறு கண்டறியாதவை. ஒன்றுகூட விளிம்புப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பயற்றிலேயே பிறந்த புழுவைத் தொழுவத்துக்கு எடுத்துப்போய்க் கல்லூரித் தட்டில், கொழுத்த படலத்தில், அரைநாள் மேயவிட்டேன். திரும்ப அதன் சொந்தத் தட்டுக்கே கொண்டுவந்து விட்டேன். வாய் வைத்தது. நின்றது. வெளியே நடையைக் கட்டியது. பிறந்து வளர்ந்த சோறு ஒரே வேளையில் ஆகாத சோறாகிவிட்டது. பல புழுக்களை வைத்துச் செய்து பார்த்தேன், பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். பூனைக்காவது மூளை உண்டு. இதற்கு நரம்பு செல் முந்நூறு இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு நேற்றுத் தின்றதை நினைத்துக்கொண்டு போகிறதே! இந்தத் தடவை பேராசிரியர் சிரிக்கவில்லை. வாழைவேரை விடு, இனி இதையே செய் என்றார். வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா இருந்தால், புரியாவிட்டாலும், அப்படியா என்றாவது கேட்டிருப்பாள்.

கார்த்திகை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிய சமயம் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வந்ததும் வராததுமாக என்னை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனாள். தூரத்து உறவில் ஒரு கல்யாணம். மறுவீட்டு விருந்துக்கு எங்கள் பக்கம் வழக்கமாகச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு. அந்தப் பந்தியில் அப்பா போய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறார். இலையை மடக்கிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

"பொண்டாட்டி போயி வருஷம் திரும்பல. நல்ல காரியம் நடந்த வீட்டுல போயி எலையில உக்காந்திருக்காரு. எல்லாரும் வாய்க்குள்ள சிரிக்காங்க. நீ அவருக்குச் சோறு போடுதியா, இல்லையா?"

கடைசிக் கேள்விதான் என்னைக் கொன்றது. அத்தை போனபிறகு அடுப்படியில் உருளாத பாத்திரம் இல்லை. அப்பா வந்ததும், பாத்திரம் போதாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் எனக்கு வாயும் வந்தது. விடியுமுன் எழுந்து யாருக்காகச் சமைக்கிறேன், என் கையில் என்ன விஷமா இருக்கிறது, கண்டவன் வீட்டுப் பந்தியில் போய் உட்காரும்படி உங்களை நான் பட்டினியா போட்டேன் என்றெல்லாம் கேட்டேன். திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் குடையை விரித்து முற்றத்தில் காயவைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒன் சமையல்ல ஒரு கொறையும் இல்லளா. வயிறு நெறையத்தான் செய்யுது. நாக்கு தேடுது. எங்கனயாவது, யாராவது ஒருத்தி, ஒங்கம்மை மாதிரி வச்சிருக்க மாட்டாளான்னு இருக்கு. ஒரு வாய் கெடச்சாப் போதும்."

சுடுகாட்டில் அழாத மனுஷன். அதைச் சொல்லும்போது அவர் தாடை ஆடியது. நான் கொல்லைக்குப் போய்த் தொழுவத்தில் நின்றுகொண்டு அழுதேன். அவர் என்னை வேண்டாம் என்று எழுந்து போகவில்லை. அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் ருசி கண்டவர், அவ்வளவுதான், இருக்க முடியவில்லை. அது புரிந்ததும் கோபம் போய்விட்டது, அதன் இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. நானும் அதே கையால் தின்று வளர்ந்தவள்தானே. என் நாக்கு ஏன் ஒரு நாளும் எழுந்து போகச் சொல்லவில்லை? நான் வைத்ததையே நான் தின்றுவிட்டு அந்த வீட்டிலேயே கிடந்தேன்.

அதற்குப் பிறகு அவரைத் தடுக்கவில்லை. வருஷம் முடியும்வரை கல்யாண வீடு மட்டும் கூடாது என்றேன், ஒத்துக்கொண்டார். மற்றபடி டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் அவர் ஏறாத கடை இல்லை. திரும்பி வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்க ஆரம்பித்தேன். சொல்ல ஆரம்பித்தார். உளுந்தம்பருப்புச் சோறு என்று போர்டு வைத்திருக்கிறான், உளுந்தை வறுக்காமல் போட்டிருக்கிறான். ஒங்கம்மை தெரு முக்கு வரைக்கும் வாசம் வருகிறமாதிரி வறுப்பாள். சொதியில் இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறான். அவள் சாறு பிழிந்து, அடுப்பை அமர்த்தினபிறகுதான் விடுவாள். எள்ளுத் துவையலுக்கு அவள் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்து அரைப்பாள், இவனுக்கு அது எங்கே தெரியும். இலை காலியானால் போதும் என்று இருந்த அம்மாவுக்கு, எதிரில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன் இவ்வளவையும் கவனித்தது தெரியாமலே போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் மறுநாள் செய்து பார்ப்பேன். உளுந்தை வறுப்பேன், இஞ்சிச் சாற்றைக் கடைசியில் விடுவேன். நல்லாத்தான் இருக்கு என்று குடையை எடுப்பார். இப்போது அதற்கு எனக்குக் கோபம் வருவதில்லை. வெயில் சாயும் நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாலும் காது வாசல் கதவில்தான் இருக்கும். நாளெல்லாம் பேச ஆளில்லாமல் இருந்துவிட்டு அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவர் எங்கேயும் கிடைக்கவில்லை என்று வந்து சொல்லச் சொல்ல, அம்மா என்ன செய்வாள் என்பது ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோயில் பக்கம் ஒரு அம்மாள் வீட்டிலேயே சாப்பாடு போடுகிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இலையில் சொதி விழுந்தது. அப்பா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மூடியபடியே இருந்தார். கண்ணைத் திறந்து, பக்கத்துல வந்துட்டா, ஆனா இல்ல, என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு படித்துறையில் உட்கார்ந்து, அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அழுத கதையைச் சொன்னார். எதிரே தண்ணீர் பாறையில் மோதிக்கொண்டு போயிற்று. அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

தலைத்திவசம் கழிந்தது. ஆய்வகமும் சரியாகி, புழுக்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பின. நான் பழையபடி மாட்டுச் சாற்றுக்கும் பயற்றுத் தண்ணீருக்கும் மாற்றி மாற்றிப் புழுக்களை விட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. ருசி கண்ட புழுவானாலும், சுவரில் ஏறிச் சாகாமல் தப்பி, வேறு வழியில்லாமல் பயற்றுத் தட்டிலேயே பல நாள் கிடந்தால், கடைசியில் போவதை நிறுத்திவிடுகிறது. சோகைப் படலத்திலேயே தங்கிவிடுகிறது. எனக்கு ஒரே பெருமை. பழகிக்கொள்கின்றன சார் என்றேன். பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் இருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"பழகிட்டுதா, மறந்துட்டுதா, இல்ல வயசாகித் தெம்பு போயிட்டுதா? வெளிய இருந்து பாத்தா மூணும் ஒண்ணுபோலத்தானம்மா இருக்கும்?"

எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். பிரித்துக் காட்ட ஒரு வழி யோசி என்று அனுப்பிவிட்டார்.

அப்பாவின் நடை குறைந்துகொண்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் பாளையங்கோட்டை நின்றது, பிறகு ஜங்ஷன் நின்றது. ரத வீதி முக்குவரை போவார், சீக்கிரமே திரும்பிவிடுவார். எப்படி இருந்தது என்று கேட்டால், என்னமோ போட்டிருந்தான் என்பார். உளுந்து வறுத்திருந்தானா என்று நானே எடுத்துக் கொடுத்தாலும், இருக்கும் என்பார். வீட்டில் இலையில் மிச்சம் வைப்பதும் குறைந்தது. காலர் கழுத்தோடு ஒட்டியது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அத்தைகூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, அண்ணனை நல்லாத் தேத்திட்டே என்று என் தலையைத் தடவினாள். சமையல் எனக்குக் கைவந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நெல்லையப்பருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. கல்லூரி கிடையாது. கத்தரிக்காய்த் தீயல் வைத்தேன். சின்ன உள்ளியும் தேங்காயும் கருக வறுத்து அரைக்கிற புளிக்குழம்பு. அம்மாவின் தீயலுக்காக மட்டுமே அப்பா அந்த வருஷம் பத்துக் கடை ஏறி இறங்கியிருப்பார். அரைத்துக்கொண்டிருக்கும்போது பேராசிரியரின் கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பழகியதையும் மறந்ததையும் எப்படிப் பிரிப்பது? அதே யோசனையில் குழம்பை இறக்கிப் பரிமாறினேன்.

அப்பா பிசைந்தார். ஒரு கவளம், இரண்டு கவளம், மூன்று. கை நிற்கவில்லை. நான் வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சோற்றை ஒதுக்கி நடுவில் குழி பண்ணி, இன்னும் ஊத்து என்றார். ஊற்றினேன். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படித் தெளிந்து இருந்தது.

"இப்பந்தான்ளா அப்படியே ஒங்கம்மை வச்ச மாதிரி இருக்கு."

ஒரு வருஷத்துக்குமேல் அந்த ஒரு சொல்லுக்காகத்தானே செத்துச் செத்துச் சமைத்தேன். கண் நிறைந்து அவர் முகமே தெரியவில்லை. நிஜமாவாப்பா, நிஜமாவாப்பா என்று சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு தடவை கேட்டேன். நிஜமாத்தான் என்றார். அடுப்படிக்கு ஓடிப்போய் எனக்கும் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அம்மாவின் தீயலை நானும் ஒரு தடவை தின்றுவிட வேண்டும் என்று அவ்வளவு ஆவல்.

குழம்பில் உப்பு இல்லை. குறைவு என்பது இல்லை, போடவே இல்லை. யோசனையில் மறந்திருக்கிறேன். வெறும் புளியும் கருகல் கசப்பும்தான் நாக்கில் நின்றது. நாய்க்கு வைத்தால்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஒரு கல் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் குடையை எடுக்கிற மனுஷன் அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, அம்மா வைத்தமாதிரி இருக்கிறது என்கிறார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அடுப்பு முன்னால் நின்றேன்.

கூடத்திலிருந்து, இன்னும் இருக்கா என்று கேட்டார். இருக்குப்பா என்று சட்டியோடு போனேன். உப்பைப் போட்டுக் கொண்டுபோகக் கை வரவில்லை; போட்டால் அது வேறு குழம்பாகிவிடும். மூன்றாம் தடவையும் சந்தோஷமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, குடை இருக்கிற பக்கமே பார்க்காமல், ஊஞ்சலில் சாய்ந்து தூங்கிப்போனார். மறுநாளும் போகவில்லை. அப்புறம் ஒரு நாளும் போகவில்லை.

அவர் கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைக்கவில்லை என்று வந்த நாளெல்லாம் அம்மா எங்கேயோ இருந்தாள், நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தேடிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லி அழ அந்த வீட்டில் எனக்கு வேறு ஆள் இல்லை.